குண்டு என்று சொல்

செங்கல்பட்டில், ஊனத்துக்குப் பென்ஷன் உண்டா என்று முடிவு செய்கிற மெடிக்கல் போர்டின் அந்த மூன்று டாக்டர்களுக்கு முன்னால் சட்டையைக் கழற்றி நிற்கிற எவனும் ஆஸ்பத்திரியைக் குற்றம் சொல்லக் கூடாது. இந்த விதியை எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை. எவரும் எவருக்கும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ஆனாலும் ஏரிக்கரைப் பக்கத்து அந்தப் பழைய ஓட்டுக் கட்டடத்தின் படியில் கால் வைத்த ஒவ்வொரு மாஜி சிப்பாய்க்கும் அது தன் பட்டாள நம்பரைப் போல மனப்பாடம். கால் போனதா, குண்டு. கண் போனதா, குண்டு. பனியில் விரல் உதிர்ந்ததா, அது மலையின் குற்றம், அதையும் சொல்லலாம். கத்தி வைத்த கை, ஊசி போட்ட கை, கட்டுப் போட்ட கை ஆகியவற்றைப் பற்றிய பேச்சு மட்டும் வாயில் வரக் கூடாது. எதிரி கொடுத்த காயத்துக்குச் சர்க்கார் பென்ஷன் கொடுக்கும். சர்க்கார் கொடுத்த காயத்துக்கு யார் கொடுப்பது?

அந்த விதியை ஒரே ஒருவன் மீறினான். மதுராந்தகத்துப் பக்கத்து அப்பாசாமி. உடைந்த காலுக்கு அறுவை செய்வதற்காக அவன் முதுகில் போட்ட மயக்க ஊசியில், உடையாத மற்றொரு காலும் மரத்துப் போயிற்று. "குண்டு ஒரு காலைத்தான் எடுத்துச்சு, இந்தக் காலை எடுத்தது உங்க ஆளு" என்று அவன் போர்டில் சொன்னான். டாக்டர்கள் எழுதிக்கொண்டார்கள். அன்று அவனோடு வந்திருந்த அத்தனை பேருடைய காகிதங்களும் ஒரே கட்டாக விசாரணைக்கென்று டில்லிக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த மழைக்காலம் வரை ஒருவனுக்கும் ஒன்றும் வரவில்லை. ஒருவன் உழவு மாட்டை விற்றான். இன்னொருவன் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் அவள் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

அதற்குப் பிறகு கூடிய போர்டு நாளில் அப்பாசாமியை மற்ற மாஜி சிப்பாய்கள் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார்கள். கும்பலில் முதல் அடி தணிகைவேலுடையது. அவனுக்கு இருந்தது வலது கை ஒன்றுதான். ஒற்றைக் கையால் அடிக்கிறவன் அடியை வீணாக்குவதில்லை. அப்பாசாமியின் முன்பல் இரண்டு உடைந்தன. அதில் ஒன்று தணிகைவேலின் விரல் முட்டியில் இறங்கி, பத்து நாள் சீழ் வைத்தது. அதற்கு ஊசி போட்டுக்கொள்ள அவன் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசிக்கொண்டான்.

தணிகைவேல் திருப்போரூருக்கு மேற்கே ஒரு சிற்றூர்க்காரன். சொந்தமாகக் கொஞ்சம் புன்செய். பட்டாளத்தில் அவில்தாராக இருந்தவன். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில், மேற்கு எல்லையில் ஒரு கரும்புத் தோட்டத்துக்குள், எதிரியின் பீரங்கிக் குண்டொன்று அவனுக்கு முன்னால் வெடித்தது. சிதறிய இரும்புத் துண்டு அவனுடைய இடது உள்ளங்கையைத் துளைத்து மணிக்கட்டை நொறுக்கிற்று. அவ்வளவுதான் குண்டு செய்தது. மிச்சத்தைச் செய்தது ஆஸ்பத்திரி. விரல் நுனி தொடங்கி முழங்கைக்கு மேல் வரை இறுக்கமாக மாவுக்கட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். கை உள்ளே வீங்கியது; கட்டு நெகிழவில்லை. விரல்கள் நெருப்பில் கிடப்பதுபோல் எரிகின்றன என்று அவன் இரவும் பகலும் கத்தினான். "அவில்தாராம், சின்னப் பிள்ளை மாதிரி அழறான்" என்று வார்டு ஆள் சிரித்தான். கடைசியில் கட்டை வெட்டித் திறந்தபோது எழுந்த நாற்றத்தில் வெட்டியவனே வாந்தி எடுத்தான். உள்ளே இருந்தது கையல்ல, கருகிய வாழைத்தண்டு. முழங்கைக்கு மேலே அறுத்து ஒரு வாளியில் போட்டார்கள். வாளி விளிம்புக்கு மேலே தன் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான்.

போர்டில் அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "கையைக் குண்டு எடுத்துச்சு, சார்." அந்த வாக்கியம்தான் அவன் வீட்டு அடுப்பை எரித்தது.

அந்த ஆஸ்பத்திரியில் அவனுக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவன் மாயவன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவன். தணிகைவேலின் கீழ் சிப்பாய். தொடையைக் கிழித்துக்கொண்டு போன துண்டோடு, அந்தக் கரும்புத் தோட்டத்திலிருந்து அவில்தாரை முதுகில் சுமந்து இழுத்து வந்தவன் அவன்தான். தொடைப் புண் ஆறவில்லை. காலையில் ஓர் ஊசி, மாலையில் ஓர் ஊசி என்று வாரக் கணக்கில் போட்டார்கள். ஒரு நாள் மாயவன் சொன்னான்: "அவில்தாரே, காதுல சில்வண்டு கத்திக்கினே கீது. கட்டில் மெதக்குது. எனுக்கு இந்த ஊசி வாணாம்."

வார்டு ஆளிடமும் சொன்னான். டாக்டரிடமும் சொன்னான். கேட்பாரில்லை. அப்புறம் ஊசி வரும்போதெல்லாம் உதைத்தான். பட்டாளத்தில் ஊசியும் ஒரு கட்டளைதான். மறுப்பவன் நோயாளி அல்லன், கட்டளை மீறியவன். தன் ஆள் குற்றவாளியாகிவிடக் கூடாதே என்று தணிகைவேல் பதறினான். கை அறுத்த தையல் காயுமுன்னே எழுந்து போய், மாயவனுடைய மார்பின்மேல் தன் உடம்பைக் கிடத்தி, இருக்கிற கையால் அவன் கழுத்தைத் தலையணையோடு சேர்த்து அழுத்தினான். "ஆர்டர்றா! அசையாத, ஆர்டர்!" ஊசி ஏறியது. அன்று மட்டுமல்ல, அந்த வார்டை விட்டுப் போகும்வரை அப்படித்தான் ஏறியது.

தொடை ஆறிற்று. ஆனால் அந்த மருந்து மாயவனுடைய தலைக்குள் எதையோ கொன்றுவிட்டிருந்தது. பகல் வெளிச்சத்தில், ஏதாவது ஒன்றைக் கண்ணால் பற்றிக்கொண்டு நடந்தால் நடப்பான். கண்ணை மூடினால், அல்லது இருட்டினால், விழுந்துவிடுவான். நடக்க நடக்க அடிவானம் அவன் கண்ணுக்குள் குதித்தது. கட்டுமரத்தில் நிமிர்ந்து நிற்பது மீனவனுக்கு மூச்சு விடுவதைப் போன்றது. அந்த மூச்சு அவனுக்கு நின்றுபோனது. தள்ளாடுகிற ஆளுக்குக் கரையில் ஒரே பெயர்தான்: குடிகாரன். கொஞ்ச காலம் திறந்திருந்த சாராயக் கடைகளை மூடி, மறுபடியும் மதுவிலக்கு வந்திருந்த வருஷம் அது. அந்தப் பெயருக்குச் சிரிப்பு போய், லத்தி வந்து சேர்ந்தது.

வச்சலா திருப்போரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்தே வந்தாள். மாயவனின் பெண்டாட்டி. தணிகைவேல் வேர்க்கடலைச் செடியை ஒற்றைக் கையால் பிடுங்கி, காலால் மிதித்து மண் உதறிக்கொண்டிருந்தான். அவள் வரப்பில் நின்றபடியே பேசினாள்.

"அண்ணாத்த, பொழுது சாஞ்சு வந்துகினு இருந்த மனுசனப் போலீசு புடிச்சு அடிச்சு, சவுக்குத் தோப்பாண்ட போட்டுட்டுப் போயிட்டான். வெலா எலும்பு ஒடஞ்சிருச்சு. குடிச்சுக்கீறாருன்னு கேசு வேற."

"குடிச்சிருந்தானா?"

"நீயுமா கேக்கற? கெடா வெட்டுக்குக்கூட ஒரு சொட்டு தொடாத ஆளு. உனுக்குத் தெரியாது?"

அவன் செடியை உதறினான்.

"வர்ற போர்டுல ஊசின்னு சொல்லப் போறாரு. நீயும் கூட நின்னு சொல்லு. பக்கத்துக் கட்டில்ல நீதான கெடந்த?"

"இன்னாம்மா பேசற நீ? ஊசின்னு சொன்னா அவனுக்கும் கெடைக்காது, எவனுக்கும் கெடைக்காது. எனுக்கும் அன்னிக்குத்தான் மறு பரிசோதனை. குண்டு தூக்கி அடிச்சுது, தலை கல்லுல மோதிச்சுன்னு சொல்லச் சொல்லு."

"காயிதத்துல தொடைன்னு மட்டுந்தான கீது? தலைன்னா நம்புவானா?"

"நம்ப வெக்கணும்."

"நம்பலன்னா குடிகாரன்னு எழுதிடுவான். போலீசு எழுதுனது, குப்பம் பேசறது, எல்லாத்துக்கும் மேல முத்திரை விழுந்துரும். அப்பறம் அந்த ஆளு இன்னா பண்ணுவாரு? கடலும் இல்ல, பென்சனும் இல்ல, மனுசன்ற பேரும் இல்ல." அவள் பார்வை அவனுடைய தொங்கும் சட்டைக் கையில் நின்றது. "உன் கை இன்னாத்தால போச்சு அண்ணாத்த?"

"குண்டு" என்றான் தணிகைவேல், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

"சரி. அந்தக் குண்டையே வறுத்துத் துண்ணு." வரப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

இரண்டு நாளில் காசிநாதன் வந்தான். அவனுக்கு ஒரு கண். மற்றொன்று சண்டையில் தூசி பட்டு, ஆஸ்பத்திரியில் விட்ட சொட்டு மருந்தில் வெந்துபோனது. போர்டுக் கணக்கில் அதுவும் குண்டுதான். சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"மீன்காரன் வாயத் தொறக்கப் போறானாமே? உன் ஆளு அவன். நீ பாத்துக்கிறியா, நாங்க பாத்துக்கட்டா?"

"நான் பாத்துக்கறேன்."

"நல்லாப் பாரு. அப்பாசாமிக்கு ரெண்டு பல்லு. இவனுக்கு அதோட நிக்காது நைனா."

மாயவன் பிறர் கையில் சாவதைவிடத் தன் கையில் அடிபடுவது மேல் என்று தணிகைவேல் கணக்குப் போட்டான். மறுநாள் விடிந்ததும் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் குப்பத்து மணலில் நின்றான்.

அங்கே அவனுக்கு முன்பே அடி நடந்துகொண்டிருந்தது. வச்சலாவின் அண்ணன் கங்காதரன், துடுப்பைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையால் மாயவனின் முதுகில் போட்டுக்கொண்டிருந்தான். முந்தின நாள் இரக்கப்பட்டுக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். மாயவன் தடுமாறி வலைமேலேயே சரிந்ததில் வலை மீனோடு கடலுக்குள் போய்விட்டது. சுற்றிலும் ஆட்கள். பெண்கள் கூடையை இடுப்பில் வைத்தபடி பார்த்தார்கள். வச்சலா அண்ணனின் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் உதறியதில் மணலில் போய் விழுந்தாள்.

"குடிக்கலடா மச்சான்! வாய மோந்து பாருடா!"

"மோந்தா இன்னா தெரியும்? புகையிலையப் போட்டு மறச்சிக்கினு வருவ! கஸ்மாலம்! என் தங்கச்சி தாலிக்காகப் பாத்தேன், இல்லன்னா உன்னைக் கடலோட வுட்டுட்டு வந்திருப்பேன்!"

துடுப்பு மறுபடி இறங்கிற்று. மாயவனின் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் ஒழுகி மணலில் உருண்டையாய்த் திரண்டன.

தணிகைவேல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனான். கங்காதரனை மார்பில் தள்ளிவிட்டு, மாயவனைத் தரையில் அழுத்தி, கழுத்தைப் பிடித்தான். "என்னடா சொல்லப் போற போர்டுல? குண்டுன்னு சொல்லு. சொல்லுடா!" பெருவிரல் குரல்வளையில் பதிந்தது. மாயவன் திமிறவில்லை. அடிபட்டு வீங்கிய கண்ணைத் திறந்து, பழகிய முகத்தைப் பார்ப்பவன்போல் பார்த்தான்.

"அமுக்கு அவில்தாரே" என்றான். "உனுக்குப் பழக்கந்தான."

தணிகைவேலின் விரல்கள் தாமாகவே விலகின. அந்த இடைவெளியில் மாயவன் அவனைப் புரட்டிவிட்டு எழுந்தான். விழுந்து எழுந்து, எழுந்து விழுந்து, நீரோரம் கிடந்த கங்காதரனின் கட்டுமரத்தை நோக்கி ஓடினான். "நல்லாப் பாத்துக்குங்கடா! குடிச்சவன் அலையத் தாண்டுவானா பாருங்கடா!" மரத்தை நீரில் தள்ளினான். பிறந்ததிலிருந்து செய்த வேலை. அந்த ஒரு நிமிஷம் உடம்பு தப்பில்லாமல் செய்தது. ஏறி மண்டியிட்டுத் துடுப்புப் போட்டான். முதல் அலையைத் தாண்டினான். கரையில் யாரோ சீட்டியடித்தார்கள். கங்காதரன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தான். அவனுக்கு மரம் போய்விடுமே என்ற பயம்.

அலை உடையும் இடத்தில் மாயவன் எழுந்து நின்றான். நின்ற கணத்தில் அடுத்த அலை மரத்தின் தலையைத் தூக்கிற்று. அவன் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று பிரிந்தது போலிருந்தது. அடியுண்ட காளை மாதிரி பக்கவாட்டில் சரிந்தான். மரம் புரண்டு அவன் விழுந்த இடத்தின்மேல் கவிழ்ந்தது. நுரை கலைந்தது. மரம் தனியாக மிதந்தது. ஆள் வரவில்லை.

மீனவனுக்கு அது ஆழமே இல்லை. சிறு பையன்கள் முங்கி விளையாடும் நீர். எல்லோரும் தலை வெளிவரும் என்று பார்த்திருந்தார்கள். வரவில்லை. வச்சலா கத்தியது அலைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. கங்காதரன் மூழ்கினான், வெறுங்கையோடு மேலே வந்தான், மறுபடி மூழ்கினான். புரண்ட மரத்தின் முனை அவன் புருவத்தைப் பிளந்தது. மூன்றாம் முறை மாயவனை முடியைப் பிடித்து மேலே கொண்டுவந்தான். சும்மா கொண்டுவரவில்லை, மேலே வர மறுத்து எதிர்ப்புறமாக உதைக்கும் ஆளோடு அடித்துப் போராடிக் கொண்டுவந்தான்.

மணலில் போட்டு வயிற்றை மிதித்தார்கள். உப்பு நீர் குபுக்கென்று வந்தது. மூச்சு வந்தது. கங்காதரன் அவன் பக்கத்தில் மண்டியிட்டான். புருவத்து ரத்தம் மூக்கு வழியே சொட்டியது. இறுக மூடியிருந்த மாயவனின் கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். இரண்டு உள்ளங்கையிலும் கறுப்பு மணல். கரை மணல் வெள்ளை. இது கடலடியின் சேற்று மணல். நகங்களில் அது திணிந்திருந்தது. இரண்டு நகங்கள் பிய்ந்து தொங்கின.

கங்காதரன் அந்த மணலை விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு தணிகைவேலைப் பார்த்து எழுந்தான்.

"கீழப் பாத்து நீந்தினான் அண்ணாத்த. நான் தொட்டப்போ தரையத் தோண்டிக்கினு கீறான். அதான் மேலன்னு நெனச்சுக்கினு தோண்டறான். குடிச்சிட்டு வுழுந்தவன்கூட மேலதான் வருவான். செத்தவன்கூட மூணா நாளு மேலதான் வருவான். கரையில பொறந்தவனுக்கு மேல எது, கீழ எதுன்னு தெரியலன்னா..." அவன் குரல் உடைந்து, உடனே சீறலாயிற்று. ரத்தம் படிந்த கையால் தணிகைவேலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "இன்னாடா பண்ணீங்க இவன? பட்டாளத்துல இன்னாடா பண்ணி அனுப்பினீங்க?"

கங்காதரன் அவன் வாயில் குத்தினான். தணிகைவேல் அதைத் தடுக்கவில்லை. மற்றொரு குத்து விழுவதற்குள், கீழே கிடந்த மாயவன் மச்சானின் காலைப் பிடித்தான்.

"வுடு மச்சான்."

"நீ ஏண்டா என்னாண்ட சொல்லல?"

"சொல்லிக்கினுதான இருந்தேன். நீ அடிச்சிக்கினு இருந்த."

போர்டு கூடிய நாளில் நல்ல புழுக்கம். திருக்கழுக்குன்றம் வழியாக வந்த பஸ்ஸிலிருந்து மாயவனைக் கங்காதரன் தோளில் சாய்த்து இறக்கினான். கட்டடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் தணிகைவேலோடு பத்துப் பன்னிரண்டு பேர் முன்னமே கூடியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, வேப்பமர வேரில் அப்பாசாமி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அங்கே இனி ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு போர்டு நாளும் வந்து, உள்வாங்கிய வாயோடு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு யாரும் டீ வாங்கிக் கொடுப்பதில்லை. போ என்று சொல்வதும் இல்லை.

காசிநாதன் மாயவனுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தான். தோழனைப்போல் தோளில் ஒரு கையைப் போட்டான். மற்றக் கையின் பெருவிரலை அவன் விலாவில் வைத்தான்.

"போலீசு அடிச்சது இங்கதான?" அழுத்தினான். மாயவனின் முகம் சாம்பல் பூத்தது. "பாரு மீன்காரா, அதோ மரத்தாண்ட குந்திக்கினு கீறானே, அவன் வாய ஒரு தபா பாத்துக்க. உள்ள போயி இன்னா சொல்லப் போற?" இன்னும் அழுத்தினான். உள்ளே ஏதோ நறுக்கென்றது.

கங்காதரன் கையிலிருந்த டீ கிளாஸைச் சூட்டோடு காசிநாதனின் முகத்தில் அடித்தான். கிளாஸ் உடைந்தது. ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு காசிநாதன் அலறினான். பெஞ்சு கவிழ்ந்தது. நான்கு பேர் கங்காதரன்மேல் விழுந்தார்கள். ஊன்றுகோல் ஒன்று அவன் முழங்காலில் விழுந்த சத்தம் விறகு பிளப்பதுபோல் கேட்டது.

"நில்லுங்கடா!" தணிகைவேலின் பரேடு மைதானக் குரல். அத்தனை பேரும் நின்றார்கள். உடம்பு இன்னும் அந்தக் குரலை மறக்கவில்லை. "அவன் கூட நான் உள்ள போறேன். என்னையும் அதே வேளையிலதான் கூப்புடறாங்க. அவன் வாயத் தொறந்தா நானே கழுத்தப் புடிக்கிறேன். போதுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு காசிநாதன் தலையசைத்தான். அந்தக் கைமேல் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. "நாங்க ஜன்னலாண்ட நிப்போம்" என்றான்.

தணிகைவேல் மாயவனை எழுப்பி நிறுத்தினான். "குண்டு தூக்கி அடிச்சுது, தலை கல்லுல மோதிச்சு. அப்படித்தான் சொல்லணும். ஆர்டர்." மாயவன் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தான், பிறகு தலையை ஆட்டினான். கட்டளைக்கு அவன் தலை ஆடாத நாள், ஊசிக்கு உதைத்த அந்த நாட்கள் மட்டும்தான்.

உள்ளே கரண்ட் இல்லை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் நரைத்த மீசை வைத்த பெரிய டாக்டர். விசிறியால் வீசிக்கொண்டே மாயவனின் காகிதங்களைப் புரட்டினார்.

"தொடையில காயம். ஆறிப் போச்சு. இப்ப என்ன?"

"நிக்க முடியல சார். தள்ளுது."

"ஏன் தள்ளுது?"

"குண்டு தூக்கி அடிச்சுது சார். தலை... தலை கல்லுல மோதிச்சு."

"தலையில காயம்னு இதுல ஒரு வரிகூட இல்லையே. கால்களைச் சேர்த்து வெச்சு நில்லு. கண்ணை மூடு."

மாயவன் மூடினான். இமை ஒட்டிய அந்தக் கணமே, அடிமரம் அறுபட்டது போல முன்பக்கம் சாய்ந்தான். கைகளை ஊன்றக்கூட அவனுக்குத் திசை தெரியவில்லை. பரிசோதனைக் கட்டிலின் இரும்பு விளிம்பில் நெற்றி மோதித் தோல் கிழிந்தது. ரத்தம் இரண்டு கண்ணிலும் வழிந்து பார்வையை மறைத்தது. ஓரத்து டாக்டர் எழுந்து வந்து குனிந்து, அவன் முகத்தருகே மோந்து பார்த்தார். "வாசனை ஒண்ணும் இல்ல சார்."

"இருக்காது. போர்டுக்கு வர்ற அன்னிக்கு எவன் குடிச்சிட்டு வருவான்? போலீஸ் கேஸ் இருக்கு பாருங்க. நாள்பட்ட குடி." பெரிய டாக்டர் பேனாவை எடுத்தார். எழுதியபடியே, நிமிராமல், "அடுத்து? தணிகைவேல். ஹவில்தார். இடது கை. எப்படிப் போச்சு?" என்றார்.

கேட்டுவிட்டு அவன் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மாயவனின் காகிதத்தை மூடிவிட்டுத் தணிகைவேலின் காகிதத்தை இழுத்தார்; பேனா தானாகவே எழுதத் தொடங்கியது. முந்தின போர்டுகளில் எழுதிய அதே வரி.

அந்த வரி தணிகைவேலின் நாக்கிலும் தயாராக நின்றது. ஜன்னலைப் பார்த்தான். கம்பிகளுக்குப் பின்னால் சிவந்து வீங்கிய ஒற்றைக் கண். அதற்குப் பின்னால் இன்னும் முகங்கள். வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது. பிறகு கீழே பார்த்தான். ரத்தம் மூடிய கண்ணோடு மாயவன் குப்புறக் கிடந்தான். இரண்டு உள்ளங்கையாலும் சிமெண்டுத் தரையைத் தடவினான். எழுந்திருக்க முயல்பவன் தரையைக் கீழ்நோக்கி அழுத்துவான். அவனோ பிய்ந்த நகங்களால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தான், அந்தப் பக்கம்தான் வெளிச்சம் இருப்பதுபோல.

தணிகைவேல் கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றான்.

"எழுதாதீங்க சார்" என்றான். பேனா நின்றது. அந்தச் சின்ன அறைக்கு வேண்டாத பெரிய குரலில், ஜன்னலில் நின்ற அத்தனை பேருக்கும், அதற்கப்பால் வேப்ப மரத்தடியில் இருந்தவனுக்கும் கேட்கும்படி, மைதானத்தில் கட்டளை கொடுப்பவனைப் போலச் சொன்னான்:

"குண்டு என் உள்ளங்கையில ஓட்டை போட்டுது. அவ்ளோதான். கைய எடுத்தது உங்க ஆஸ்பத்திரி மாவுக்கட்டு. இவன் தொடையக் கிழிச்சது குண்டு. இவன் தலையக் கெடுத்தது உங்க ஆஸ்பத்திரி ஊசி. வாணாம் வாணான்னு கத்தினான். போட்டீங்க. நான்தான் சார் கழுத்த அமுக்கிப் புடிச்சேன். ஊசின்னு எழுதுங்க. ரெண்டு பேருக்கும் எழுதுங்க."